மழை லில்லி விதையை ஐப்பசிக்கு எடுத்து வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தோட்டப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த குறிப்பு ஒன்றில், கிழங்கிலிருந்து பூக்கும் செடிகளின் விதைகளைக் கோடையில் சேகரித்து உலர்த்தி வைத்திருந்து, செப்டம்பரிலோ அக்டோபரிலோ விதைத்து, தொட்டிகளைக் குளிர்காலம் முழுவதும் திறந்த வெளியில் விட்டுவிட வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. துலிப், டாஃபடில், குரோக்கஸ் முதலிய குளிர்நாட்டுச் செடிகளுக்கு இது முற்றிலும் சரியான யோசனை. ஆனால் அவற்றுக்கு மட்டுமே உரியது என்ற ஒரு வரி அதில் இல்லை. செட்டிநாட்டில் இதை அப்படியே கடைப்பிடிப்பவர்கள் வீட்டில் விளைந்த நல்ல விதையை வீணாக்கிவிடுவார்கள் என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

குளிர்நாட்டுக் கிழங்குச் செடிகள் வசந்தத்தில் பூத்து, கோடையில் விதை உதிர்ப்பவை. உதிர்ந்த விதை உடனே முளைத்துவிட்டால் இளம் முளை பனியில் கருகிப் போகும். அதனால் பல வாரங்கள் தொடர்ந்து ஈரமும் குளிரும் பட்ட பிறகே அது கண் திறக்கிறது. இலையுதிர் காலத்தில் விதைப்பது அந்தக் குளிரை விதைக்குக் கொடுப்பதற்காகத்தான். நம் ஊரிலோ மார்கழி விடியலில்கூடக் குளிர் இருபது டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. 2007 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஸ்ரீநகர் துலிப் தோட்டத்தைப் படத்தில் பார்த்து ஆசைப்படுபவர்கள், அங்கே பூப்பவை விதை போட்டு வளர்த்தவை அல்ல, குளிர் தொடங்கும் பருவத்தில் ஊன்றிய கிழங்குகள் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். விதையிலிருந்து துலிப் பூக்க, அதற்கு ஏற்ற நாட்டிலேயே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இது தெரியாமல் நானும் ஒரு முறை இணையத்தில் துலிப் விதை என்று விற்ற பொட்டலத்தை வாங்கி, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தொட்டியில் வந்தது கோரைப்புல்தான்.

நம் வீடுகளில் உள்ள கிழங்குப் பூக்கள் வேறு இயல்புடையவை. மழை லில்லி, விஷமூங்கில் (பெயரில்தான் மூங்கில், இதுவும் லில்லி போன்ற கிழங்குச் செடிதான்), அமரில்லிஸ் ஆகிய மூன்றின் விதைகளும் குளிருக்காகக் காத்திருப்பதில்லை. ஈரம் கிடைத்ததும் முளைக்கக் கூடியவை அவை. அவற்றை உலரவிட்டு வைப்பதுதான் அவற்றுக்குக் கேடு. ஆகவே எந்த மாதம் விதைப்பது என்று கேட்பவர்களுக்கு, காய் வெடிக்கும் வாரமே விதைக்கும் வாரம் என்பதுதான் என்னுடைய விடை.

மஞ்சள் மழை லில்லியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வெள்ளை, ரோஜா நிறங்களைக் காட்டிலும் என் வீட்டில் தாராளமாகக் காய்ப்பது அதுதான். ஆடியிலும் ஆவணியிலும் மாலையில் இடியோடு ஒரு மழை பெய்துவிட்டால், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பின்கட்டு முழுவதும் மஞ்சளாகிவிடுகிறது. பூ வாடி மூன்று நான்கு வாரத்தில், தண்டின் நுனியில் மூன்று புடைப்புள்ள பச்சைக் காய் முற்றி, சற்று மஞ்சள் பாய்ந்து, உச்சியில் லேசாக விரியும். உள்ளே காகிதம் போல் மெல்லிய கறுப்பு விதைகள், சில்லறைக் காசை அடுக்கியது போல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். காலையில் விரிந்த காயை மாலையில் பறிக்கலாம் என்று விட்டால், இடையில் ஒரு காற்று அடித்தாலும் பாதி விதை போய்விடும். ஒரு வருடம் ஒரே நாளில் எடுத்த விதையில் பாதியை அந்த வாரமே விதைத்தேன். மீதியைத் தாளில் மடித்துத் தை மாதம் வரை வைத்திருந்தேன். முதல் தட்டில் பத்துப் பதினைந்து நாளில் பச்சைக் கம்பளம் விரித்தது போல் நாற்று வந்தது. இரண்டாவது தட்டில் முளைத்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விதைக்கும் மண்ணைப் பற்றியும் ஒரு சொல். நம் பகுதிச் செம்மண் நனைந்தால் குழையும், காய்ந்தால் ஓடு போல் இறுகும். அதன் அடியிலிருந்து மெல்லிய முளை மேலே வர இயலாது. ஆகவே செம்மண், மணல், நன்றாக மக்கிய சாணம் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து அகலமான மண்சட்டியில் நிரப்பி, விதையை வரிசையாகப் படுக்கவைத்து, மேலே மணலை விதை மறையும் அளவுக்கு மட்டும் தூவி, நனைத்த சாக்கால் மூடி நிழலில் வைக்கிறேன். வரிசையாகப் போடுவதற்குக் காரணம் உண்டு. நாற்று பார்ப்பதற்கு அறுகம்புல் போலவே இருக்கும். தூவி விதைத்த ஒரு சட்டி முழுவதையும், வீட்டு வேலைக்கு வரும் அக்கா களை என்று நினைத்துச் சுத்தமாகப் பிடுங்கிவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் முற்றும் காய்களையும் உடனேதான் விதைக்க வேண்டும். ஆனால் அடைமழை நேரடியாக விழுந்தால் விதை அடித்துக்கொண்டு போகும், நாற்று அழுகும். அந்த இரண்டு மாதமும் சட்டிகளை வளவுத் தாழ்வாரத்தின் ஓரத்தில், வெளிச்சம் படும்படி, ஓட்டுத் தண்ணீர் சொட்டாத இடத்தில் வைத்துவிடுகிறேன்.

விஷமூங்கில் விதையைப் பார்த்தவர்கள் அதை விதை என்றே நம்ப மாட்டார்கள். பெரிய நெல்லிக்காய் அளவில், பச்சையாக, சதைப்பற்றோடு இருக்கும். கெட்டியான விதைத்தோல் இல்லாததால் உலர்ந்தால் உயிர் போய்விடும். ஆனால் உள்ளேயே போதிய ஈரம் உள்ளதால் மண்ணும் தண்ணீரும் இல்லாமலே முளைக்கும். என் அப்பத்தாள் ஊருணிக் கரையிலிருந்து எடுத்து வந்த மூன்று விதைகளைப் பட்டாலைச் சன்னல் பலகையில் வைத்துவிட்டு மறந்து போனார். சில வாரம் கழித்துப் பார்த்தபோது ஒவ்வொன்றிலிருந்தும் வெளிர் நிறத்தில் ஒரு முளை நீண்டு, அதன் நுனி பருத்துச் சிறு கிழங்காகத் திரண்டிருந்தது. அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. கிழங்குச் செடிகள் மேல் எனக்குள்ள பற்று அந்தச் சன்னல் பலகையில் தொடங்கியது. இதன் விதையை மண்ணில் ஆழப் புதைக்காமல் பாதி வெளியே தெரியும்படி வைத்தாலே போதும்.

அமரில்லிஸ் சித்திரையில் பூத்து வைகாசியில் காய் வெடிக்கும். வெயிலுக்குப் பயந்து தள்ளிப்போடாமல், நிழலில் அப்போதே விதைத்துவிட வேண்டும். பூவுக்கு மூன்று வருடம் பொறுத்திருக்க வேண்டும்.

இவற்றிலிருந்து மாறுபட்டது நம் மாநில மலரான செங்காந்தள். அதன் விதை தை மாத வாக்கில் ஆரஞ்சு நிறத்தில் முற்றி வெடிக்கும். உடனே விதைத்தால் முளைக்காது. பல மாதங்கள் உறங்கிய பிறகே அதற்கு முளைக்கும் திறன் வருகிறது. தையில் எடுத்து நிழலில் உலர்த்தி வைத்தால் ஆடியில் விதைக்கப் பக்குவமாகும் என்பதால், ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன நம் முன்னோர் வாக்கு இந்தச் செடிக்கு அப்படியே பொருந்துகிறது. ஆடியிலும் ஓர் இரவு ஊறவைத்தே விதைக்க வேண்டும், முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆனாலும் சட்டியைக் கொட்டிவிடக் கூடாது. இதன் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் விதையைப் பூட்டி வைக்க வேண்டும். கண்வலிக் கிழங்கு என்ற பெயரைக் கேட்டு, மருந்து என்று நினைத்து யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். தோட்டப் பக்கத்தில் விதைப்புக் காலம் குறித்து எழுதும்போது, அது எந்தச் செடிக்கு, எந்தத் தட்பவெப்பத்துக்கு என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும். முடிந்தால் நம் மாதங்களின் பெயரிலேயே சொல்ல வேண்டும். இந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் இந்த வாரமே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆடி மழையில் பூத்த லில்லிகளின் காய்கள் எங்கள் தெருவில் இப்போதுதான் விரியத் தொடங்கியிருக்கின்றன.

தங்கள் உண்மையுள்ள,
வாசகி ஒருவர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.