ரெண்டாவது லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னருக்கு

மாப்ள,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, பெரியவன் எட்டாவது போயிட்டான், அவ்ளோதான் வீட்டு சேதி.

மொதல்ல ஒரு மன்னிப்பு. 2024 நவம்பர்ல டெல்லி கணேஷ் தவறின அன்னைக்கு ராத்திரி நீ நீளமா ஒரு மெசேஜ் போட்டிருந்த, அந்த மனுஷன் நானூறு படத்துக்கு மேல நடிச்சிருக்காரு, ஆனா அவரு பேர மட்டும் போட்டு ஓடின போஸ்டர் எத்தனை இருக்கும் சொல்லுன்னு கேட்டிருந்த. நான் ரெண்டு கை கூப்புற எமோஜி போட்டுட்டு வேலையப் பாக்கப் போயிட்டேன். நீ அப்புறம் ஒண்ணுமே எழுதல. எழுதாம விட்டது நியாயம்தான், அந்த மாதிரி மெசேஜுக்கு எமோஜி ஒரு பதிலாடா? இப்ப இத்தனை மாசம் கழிச்சு உக்காந்து எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையாப் படி.

உன் மெசேஜத் திரும்பப் படிச்சப்புறம்தான் அவரப் பத்தி தேடிப் பாத்தேன். சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் ஏர்ஃபோர்ஸ்ல இருந்திருக்காரு, டெல்லில தட்சிண பாரத நாடக சபான்னு ஒரு குழுவுல நாடகம் போட்டுட்டு இருந்ததாலதான் பேருக்கு முன்னாடி டெல்லி ஒட்டிக்கிச்சு, பாலசந்தர் படத்துல மொத வேஷம். மைக்கேல் மதன காமராஜன்ல அந்த பாலக்காட்டு மணி ஐயர் இல்லாம காமேஸ்வரன நெனச்சுப் பாரு. கமல் சமையக்காரனா பேசற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல அந்த மூஞ்சி திருதிருன்னு முழிக்கறதுலதான் பாதி சிரிப்பு. பக்கத்துல நிக்கறவரு சரியா நிக்கலன்னா நடுவுல நிக்கறவரு எடுபட மாட்டாரு. நீ இதத்தான் சொல்ல வந்தன்னு இப்ப புரியுது.

அதுக்கப்புறம் சாவு சேதி நின்னபாடில்ல. டிசம்பர் 15 ஜாகிர் உசேன், 73 வயசு, அதே வருஷம் பிப்ரவரிலதான் ஒரே ராத்திரில மூணு கிராமி வாங்கியிருந்தாரு. அவங்கப்பா அல்லா ரக்கா ரவிசங்கர் பக்கத்துல உக்காந்து வாசிச்ச காலத்துல தபலான்னா பக்கவாத்தியம். பையன் தபலாவுக்குன்னே ஜனம் டிக்கெட் வாங்கி வர்ற மாதிரி பண்ணிட்டுப் போயிட்டாரு. பதினோரு நாள் கழிச்சு மன்மோகன் சிங். 2025 மார்ச்ல பாரதிராஜா பையன் மனோஜ், 48 வயசு. ஜூலைல சரோஜா தேவி. அவங்க போன அதே ஜூலை 14, பஞ்சாப்ல ஃபௌஜா சிங்க ஒரு வண்டி இடிச்சுத் தள்ளிட்டுப் போயிடுச்சு. 114 வயசுன்னு சொல்றாங்க, எண்பது தாண்டினப்புறம் மாரத்தான் ஓட ஆரம்பிச்ச மனுஷன், படுத்த படுக்கைல போகல, ரோட்டக் கடக்கும்போது போயிருக்காரு. செப்டம்பர்ல ரோபோ சங்கர், 46. மனோஜும் சங்கரும் நம்ம வயசுடா. அந்த ரெண்டு சேதியும் வந்தப்போ நான் ஒரு வாரம் சரியாத் தூங்கல. நீ சுகர் பாத்தியா இல்லியா? மொதல்ல அதப் பாரு, எனக்கு ரிப்போர்ட் அனுப்பு, உன் அலட்சியம் எனக்குத் தெரியும்.

ஆனா நான் எழுத உக்காந்தது இவங்களப் பத்தி இல்ல. 2025 மார்ச் 4, சாம்பியன்ஸ் டிராபி செமி ஃபைனல், துபாய், நமக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். பையனும் நானும் பாத்துட்டு இருக்கோம். நம்ம ஆளுங்க கைல கறுப்புப் பட்டை கட்டிட்டு இறங்கறாங்க. யாருக்குப்பான்னு கேட்டான். பத்மாகர் ஷிவல்கர், பம்பாய் லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னர், நேத்து தவறிட்டாருன்னு சொன்னேன். எத்தனை டெஸ்ட் ஆடினாருன்னு கேட்டான். ஒண்ணும் ஆடலன்னேன். அப்போ எதுக்கு கட்டிருக்காங்கன்னு கேட்டான்.

மாப்ள, அவன் கேட்டதுல தப்பே இல்ல, எட்டாவது படிக்கற புள்ள. எனக்குத்தான் பதில் வரல. நான் லெஃப்ட் ஆர்ம் ஸ்பின் போட்டு வளந்தவன், என் வாய்ல ஒரு வரிக்கு மேல வரல. கோலி ஆடறத விட்டுட்டு உள்ள போயி பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். அந்த 1973 ஃபைனல் கதைய திரும்பச் சொல்லுங்கன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கா, நம்ம ரெண்டு பேரையும் திண்ணைல உக்கார வெச்சுச் சொல்லுவாரே, ஒவ்வொரு தடவையும் உன்னப் பாத்து, லெஃப்டி கேட்டுக்கோன்னு ஆரம்பிப்பாரே, அதே கதை.

ரஞ்சி ஃபைனல், சேப்பாக்கம், பம்பாயும் தமிழ்நாடும். பம்பாய் அதுக்கு முன்னாடி பதினாலு வருஷம் வரிசையா கப்ப ஜெயிச்சிருந்த டீம். அவங்கள நாம 151க்கு ஆல் அவுட் பண்ணிட்டோம். ஊரே குதிக்குது, இந்த தடவை நமக்குத்தான்னு. அப்புறம் ஷிவல்கர் பந்தக் கைல வாங்கினாரு. 16 ரன் குடுத்து 8 விக்கெட். நாம 80. ரெண்டாவது இன்னிங்ஸ்ல அவங்களையும் 113க்கு சுருட்டினோம், அப்பவும் ஆளுங்களுக்கு நம்பிக்கை இருந்துச்சு. திரும்ப ஷிவல்கர், 18 ரன்னுக்கு 5. நாம 61. பெரியப்பா மொத்த மேட்ச்சுக்கும் ஆபீஸ்ல லீவு போட்டிருந்தாரு, மூணாவது நாள் காலைல கூட்டத்துல முண்டியடிச்சு உள்ள போயி துண்டப் போட்டு உக்காரக்கூட இல்லியாம், மொத பந்துலயே மேட்ச் முடிஞ்சு போச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் போன்ல அவருக்குக் கோவம் வருது, ஆனா கோவம் யாரு மேலன்னா செலக்டருங்க மேல. எங்கள இப்படி அடிச்சவன ஒரு டெஸ்ட்டாவது ஆட விட்டிருக்க வேணாமாடா, அப்போ நாங்க தோத்ததுக்கு என்ன மரியாதைன்னு கேக்கறாரு. எனக்கு சிலிர்த்துப் போச்சு.

பேரப் பாரு மாப்ள. பத்மாகர்ங்கறத சுருக்கி பம்பாய்ல அவர பேடின்னுதான் கூப்பிடுவாங்க. அந்தப் பக்கம் இந்தியா டீமோட லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னர் பிஷன் சிங் பேடி. வாயில சொன்னா வேற வேற சத்தம், தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே எழுத்து. ஒரு பேடிக்கு 67 டெஸ்ட், 266 விக்கெட். இன்னொரு பேடிக்கு மொத்தம் 589 ஃபர்ஸ்ட் கிளாஸ் விக்கெட், ஒண்ணு இருபது ரன்னுக்கும் கம்மியா, டெஸ்ட் சைபர். பிஷன் பேடி இருந்த இடத்துல ஒரே ஒரு லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னருக்குத்தான் சீட்டு. சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட்ராகவன் மூணு பேரையும் வெச்சுக்கிட்டு அதுலயே ஒருத்தர உக்கார வெக்க வேண்டிய நிலைமை, ரெண்டாவது லெஃப்ட் ஆர்முக்கு எங்க போவாங்க. இத ஒரு பேப்பர்ல படம் போட்டு பையனுக்கு விளக்கினேன், புரிஞ்சுது. ஆனா அவரு விட்டுட்டுப் போகல பாரு. 47 வயசுல திரும்ப வந்து பம்பாய்க்கு ரஞ்சி ஆடிருக்காரு. 47! நம்மளால அந்த வயசுல ரன் அப்புக்கு ஓடி வந்து நிக்க முடியுமா?

இதே மாதிரி ஒரு டெஸ்ட்டும் ஆடாத இன்னொரு லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னரு ராஜிந்தர் கோயல். அவரு 2020 ஜூன்ல, கொரோனா நேரத்துல போனாரு, அன்னைக்கு யாரு எதக் கவனிச்சோம். ரஞ்சில மட்டும் 637 விக்கெட், இன்னைக்கு வரைக்கும் அதத் தாண்டினவங்க இல்ல. 1974ல பெங்களூர் டெஸ்ட், வெஸ்ட் இண்டீஸ் வந்திருக்கு, பேடிய ஒழுங்கு நடவடிக்கைன்னு சொல்லி அந்த மேட்ச்சுக்கு நிறுத்திட்டாங்க. கோயல டீமுக்குக் கூப்பிட்டாங்க. கதவு ஒரு தடவை திறந்துச்சு. மேட்ச் அன்னைக்கு பதினோரு பேர்ல அவரு இல்ல. விவ் ரிச்சர்ட்ஸும் கிரீனிட்ஜும் மொத டெஸ்ட் ஆடின மேட்ச் அது, அதனால அந்த மேட்ச்ச எல்லாரும் எழுதறாங்க, டிரஸ்ஸிங் ரூம்ல ஆடத் தயாரா வந்து உக்காந்திருந்தவரப் பத்தி யாரும் ரெண்டு வரிக்கு மேல எழுதல. கவாஸ்கர் மட்டும் தனக்குப் புடிச்ச ஆட்டக்காரங்களப் பத்தி எழுதின புத்தகத்துல பெரிய பெரிய டெஸ்ட் பிளேயருங்களுக்கு நடுவுல இந்த ரெண்டு பேரையும் சேத்திருக்காரு. எதிர்ல நின்னு ஆடினவருக்குத்தான் அருமை தெரியும்.

பேடி, ஷிவல்கர், கோயலுக்கு அடுத்து நாலாவது லெஃப்ட் ஆர்ம் திலீப் தோஷி, 2025 ஜூன் 23, லண்டன்ல. ஹெடிங்லில நமக்கும் இங்கிலாந்துக்கும் டெஸ்ட் நடந்துட்டு இருக்கு, கடைசி நாள் ரெண்டு டீமும் கறுப்புப் பட்டை. பையன் இந்த தடவை என்னக் கேக்கல, அவனே தேடிப் பாத்துட்டு வந்து சொல்றான், அப்பா இவருக்கு சீட்டு கெடச்சுதுப்பான்னு. ஆமா கெடச்சுது. பேடியோட கடைசி டெஸ்ட் 1979 செப்டம்பர் 4ந்தேதி ஓவல்ல முடியுது, சரியா ஒரு வாரத்துல, 11ந்தேதி சேப்பாக்கத்துல தோஷிக்கு மொத டெஸ்ட். 31 வயசு முடிஞ்சு 32 நடக்குது. மொத இன்னிங்ஸ்லயே ஆறு விக்கெட். நாலே வருஷம் ஆடி 33 டெஸ்ட்ல 114 எடுத்தாரு, மெல்போர்ன்ல கால் எலும்பு முறிஞ்சு வீங்கிப் போயிருந்தும் பந்து போட்டாரு. அத்தனை வருஷம் காத்திருந்தவனுக்கு கால் வலியெல்லாம் ஒரு வலியா.

பிஷன் பேடி மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அதையும் சொல்லிடறேன். 2023 அக்டோபர்ல அவரு போனப்போ நான் அழுதேன்னு உனக்குத் தெரியும். தன்ன சிக்ஸ் அடிச்ச பேட்ஸ்மேனுக்கே கை தட்டினவரு. அவரு நல்லா போட்டதுக்கு அவரு என்ன பண்ணுவாரு. இப்ப நாலு பேருமே இல்ல.

சரி. இப்ப நான் சொல்ல வந்தது. இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல, என் வீட்டுக்காரிகிட்டகூட.

காலேஜ் கடைசி வருஷ ஃபைனல். நான் மெயின் லெஃப்ட் ஆர்ம், நீ எக்ஸ்ட்ரா. மொட்டைதான் கேப்டன். அதுக்கு மூணு நாள் முன்னாடி நெட்ஸ்ல என் ஆள்காட்டி விரல் ஓரம், பந்து உரசற இடத்துல, காய்ப்பு வெடிச்சுப் போச்சு. சின்ன வெடிப்பு இல்லடா, உள்ள சிவப்பாத் தெரியுது, பேனா புடிச்சா ரத்தம் வருது. ராத்திரி ராத்திரி டிங்சர ஊத்தி ஊத்திக் காய வெச்சேன். மேட்ச் அன்னைக்கு காலைல மொட்டை வந்து விரலெல்லாம் ஓகேவான்னு கேட்டான், எவனோ சொல்லிருக்கான் போல. நான் கைய பாக்கெட்ல விட்டுட்டு ஓகேன்னு சொன்னேன். நீ அவனுக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்த. கைல ஒரு பழைய பந்து, அத பேன்ட்ல தேய்ச்சுட்டே இருந்த. நீ என் மூஞ்சியப் பாத்த, நான் உன்னப் பாக்கல.

பதினோரு ஓவர் போட்டேன், பந்து திரும்பவே இல்ல, விரலால சுத்த முடியல, தள்ளித்தான் விட்டேன். 70 ரன்னுக்கு மேல குடுத்தேன். நாம தோத்தோம். பிட்ச் மந்தம், ஈரமே இல்ல, அதான் திரும்பலன்னு மொட்டைகிட்ட சொன்னேன், ஸ்கோரர் அண்ணன்கிட்டயும் சொன்னேன். பிட்ச் நல்லா இருந்துச்சு மாப்ள. அவங்க ஸ்பின்னருக்கு அது சதுரமாத் திரும்பிச்சு, நீயும் பாத்த. நீ அன்னைக்கு எல்லாருக்கும் தண்ணி பாட்டில் தூக்கிட்டு வந்த. எனக்கு தண்ணி குடுக்கும்போது என் விரலப் புடிச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம உன் கர்ச்சீப்ப எடுத்து ரத்தத்தத் தொடச்சு விட்டுட்டுப் போன. அப்பவும் நீ யார்கிட்டயும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

அடுத்த வருஷம் வேலை, அப்புறம் யாரும் லெதர் பால் புடிக்கல. அது உன் சீட்டு, அன்னைக்கு ஒரு நாள் நியாயமா உனக்கு வந்த சீட்டு, நான்தான் எந்திரிக்கல. பேடி அப்படிப் பண்ணல, அவரு நெஜமாவே நல்லா போட்டாரு. நான் பண்ணது வேற. பெரியப்பா போன்ல ஒரு டெஸ்ட்டாவது ஆட விட்டிருக்க வேணாமான்னு கேட்டப்போ எனக்கு ஷிவல்கர் ஞாபகம் போயி உன் ஞாபகம்தான் வந்துச்சு. அன்னைலேர்ந்து இந்தக் கடிதத்த எழுதி எழுதி அழிச்சுட்டு இருக்கேன்.

மன்னிச்சுடுடா.

பையன் இப்ப இடது கைல போட ஆரம்பிச்சிருக்கான். எனக்குக் காட்டத் தெரிஞ்சது ஃப்ளைட் மட்டும்தான், திரும்பாம நேரா உள்ள வர்ற உன் ஆர்ம் பால் எனக்கு என்னைக்கும் வந்ததில்ல. அந்த சீம் எப்படி புடிப்பன்னு அவன் கேட்டான், தெரியல, என் ஃப்ரெண்ட் ஒருத்தனுக்குத்தான் தெரியும்னு சொல்லிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீடியோ கால் போடறோம், வீட்ல பழைய பந்து எதாவது இருந்தா கைல எடுத்து வெச்சுக்கோ. சுகர் ரிப்போர்ட்டும்.

உன்,
லெஃப்டி நம்பர் ஒண்ணுன்னு நீங்கள்லாம் கூப்பிட்டவன்