மூன்று கார்புரேட்டரையும் சேர்ந்து ஓடவைத்தவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், என் படகு இன்ஜின் சரியாகிவிட்டது. கியரில் போட்டாலும் அணையவில்லை, த்ராட்டிலைச் சட்டென்று கொடுத்தாலும் திணறவில்லை. உதவியவர்களிடம் நேரில் நன்றி சொல்லிவிட்டேன், ஆனாலும் நாலு பேர் பார்க்க எழுதினால்தான் எனக்கு மனசு நிறையும்.

விவரம் தெரியாதவர்களுக்கு: என்னுடையது பழைய 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுப்பது). வேகத்தில் ஒரு குறையும் தெரியாது. மெதுவாக்கினால் தும்மும், குலுங்கும், அணைந்துவிடும். சிங்கப்பூரில் பாசிர் ரிஸ்ஸுக்கும் புலாவ் உபின் தீவுக்கும் நடுவே பார்ஜ்கள் போய்வருகிற தண்ணீரில் அப்படி நின்றபோது மகனும் கூட இருந்தான், நீரோட்டம் வேறு இழுத்தது. ஒரு கடையில் காட்டினால் மூன்றையும் புதிதாக மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் நாகப்பட்டினத்து அண்ணே, முதல் நன்றி உங்களுக்குத்தான். கிடைக்கிற ஒரே லீவு ஞாயிற்றுக்கிழமை, அதையும் என் படகுக்குக் கொடுத்தீர்கள். "ஸ்க்ரூல கை வைக்காதீங்க தம்பி, கம்ப்ரஷனும் ஸ்பார்க்கும் பாத்துட்டு அப்புறம் வருவோம்" என்று நீங்கள் தடுத்தது எவ்வளவு சரி! சிலிண்டருக்குள் அழுத்தம், தீப்பொறி இரண்டும் மூன்று சிலிண்டரிலும் நன்றாகவே இருந்தன. பிறகு ஐடிலில், அதாவது த்ராட்டில் கொடுக்காமல் மெதுவாக, ஓடவிட்டு ஒவ்வொரு சிலிண்டராகத் துண்டித்துப் பார்த்தீர்களே, மேலே உள்ளதைத் துண்டித்ததும் இன்ஜின் தொய்ந்தது, கீழே உள்ளதற்கும் அப்படியே, நடுவில் உள்ளதைத் துண்டித்தபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது ஐடிலில் வேலையே செய்யவில்லை. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வருகிற துளை தனி, வேகத்தில் ஊட்டுகிற மெயின் ஜெட் (பெட்ரோல் வருகிற பெரிய துளை) தனி என்பதால்தான் இத்தனை நாள் வேகத்தில் இந்தக் கோளாறு தெரியாமல் இருந்திருக்கிறது.

அடுத்து கடலில் இருக்கிற கெலோங் மீன் பண்ணையில் வேலை செய்யும் மலாய்ப் பெரியவர், நாங்கள் கூப்பிடுவது பாக்சிக். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, யாராவது வாசித்துக் காட்டுங்கள். நடு கார்புரேட்டரின் சின்ன ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார், காய்ந்த பெட்ரோல் பிசின் மாதிரி படிந்து துளையே தெரியவில்லை. கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய தூண்டில் நரம்பைத் துளைக்குள் விட்டு எடுத்தார். கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் எந்த அளவும் நிற்காது என்பதில் அவர் ரொம்பக் கண்டிப்பு.

ஜாலான் புசார் பக்கத்துச் சாமான் கடை அங்கிள் கேஸ்கெட்டுகளைத் தேடி எடுத்துத் தந்ததோடு, எங்கள் மாடலுக்கான அளவுகள் உள்ள பக்கத்தையும் காப்பி எடுத்துக் கொடுத்தார். மெதுவாக ஓடும்போதுள்ள பெட்ரோல் அளவைச் சரிசெய்கிற ஐடில் ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை விட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடு என்று பலர் சொல்வது தொடங்குவதற்கு மட்டும்தான், மாடலுக்கு மாடல் மாறும். அடியில் போட்டு இறுக்கினால் ஸ்க்ரூவின் ஊசி முனையில் வரி விழுந்துவிடும்.

கடைசி வேலை முழுக்க அண்ணனுடையது. மூன்று கார்புரேட்டரையும் சேர்க்கிற இணைப்புத் தண்டைத் தளர்த்தி, காற்று வழியைத் திறந்து மூடுகிற மூன்று த்ராட்டில் தகடும் முழுசாக மூடியிருக்கும்போது மறுபடி இறுக்கி, மூன்றும் ஒரே நேரத்தில் திறக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அது சரியானதும் படகைத் தண்ணீரில் இறக்கி, இன்ஜின் சூடான பிறகு கியரில் போட்டு டியூன் செய்தார், கரையில் தண்ணீர் பைப் மாட்டி ஓடவிட்டு வைத்த அளவு தண்ணீருக்குள் போனால் மாறிவிடும். ஸ்க்ரூவை உள்ளே திருகத் திருகத் தும்மல், வெளியே எடுத்தால் குலுக்கல், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலான பக்கமாக நிறுத்தினார். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது, பெட்ரோலைக் குறைத்தால் பிஸ்டனுக்கு ஆயிலும் குறையும் என்று மகனுக்கு அவர் பொறுமையாக விளக்கிச் சொன்னதற்குத் தனி நன்றி.

அண்ணே, உங்கள் கம்ப்ரஷன் மீட்டரைத் துடைத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வீட்டுக்கு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிள், கேஸ்கெட் பாக்கியைச் சனிக்கிழமை கடைக்கு வந்து தந்துவிடுகிறேன்.