வூஃபர் விற்கும் முன் பிளஸ் மைனஸ் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரில் பாட்டு கேட்கும்போது பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) வரவில்லை என்று கடைக்குப் போனால் எடுத்த எடுப்பில் வூஃபரையும் (பேஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர்) அதை ஓட்டும் ஆம்பையும் (ஆம்ப்ளிஃபையர்) காட்டுகிறார்கள், ஏற்கெனவே இருக்கிற ஸ்பீக்கர்களை ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு நடந்ததை எழுதினால் வாசகர்கள் சிலருக்காவது பணம் மிச்சமாகும் என்றுதான் இந்தக் கடிதம்.

போன தீபாவளிக்கு முன்னால் காரில் புது ஆண்ட்ராய்டு மியூசிக் செட்டும் முன்கதவுகளுக்கு இரண்டு ஸ்பீக்கரும் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு நாகஸ்வரக் கச்சேரியை ஓடவிட்டால், தவிலில் வலந்தலை (வலது பக்கம்) கணீரென்று விழுகிறது, தொப்பி (கனமாக ஒலிக்கும் இடது பக்கம்) அடி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "கதவு ஸ்பீக்கர்ல இவ்வளவுதான் சார் வரும், டிக்கியில ஒரு வூஃபர் போட்டுருங்க, 15,000 ஆகும்" என்றார்கள். மனசே விட்டுப்போச்சு.

ஞாயிற்றுக்கிழமை வந்த என் மச்சான் (மோட்டார் வைண்டிங் வேலை பார்ப்பவர்) செட்டில் இடது, வலது ஸ்பீக்கர்களின் சத்தத்தைப் பிரிக்கும் பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளினார். ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் பாடுகிறது, ஆனால் தொப்பி தும் தும்மென்று கேட்கிறது! நடுவுக்குக் கொண்டுவந்ததும் காணோம். "ஒண்ணு தலைகீழா மாட்டியிருக்கு" என்றார் உடனே.

ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் ஒரு பக்கத்துக் கோன் (ஸ்பீக்கரில் அசையும் கூம்பு) வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம், காரின் அகலமோ அதில் கால்வாசிகூட இல்லை, அதனால் இரண்டு பக்கத்து பேஸும் ஒன்றையொன்று அடித்துப்போட்டுவிடும். 5,000 ஹெர்ட்ஸ் அலை 7 சென்டிமீட்டர்தான் என்பதால் ஜால்ராவும் குரலும் தப்பித்துவிடும், நமக்கும் ஸ்பீக்கர் நன்றாக வேலை செய்வதாகவே தோன்றும்.

டோர் பேடை (கதவின் உள்பக்க மூடி) கழற்றி, செட்டிலிருந்து வயரைப் பிரித்து, அந்த முனையில் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொட்டுக் காட்டினார். இடது கோன் வெளியே வந்தது. வலது கோன் சட்டென்று உள்ளே போனது. செட்டின் வயரில் வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், கறுப்புக் கோடு போட்டது மைனஸ் என்பது பெரும்பாலும் பொது வழக்கம், ஆனால் கார் கம்பெனி வயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செட் வயரும் கார் வயரும் சேரும் அந்த இணைப்பில்தான் மாற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார்கள். கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டையும் கிழித்து அப்படியே விட்டிருந்தார்கள். கோனின் பின்பக்கத்துக் காற்று அந்த ஓட்டைகள் வழியாக முன்னால் வந்தாலும் பேஸ் போகும், மழைத்தண்ணீரும் உள்ளே வரும். அதையும் ஒட்டினோம். அப்புறம் செட்டில் ஹை பாஸ் ஃபில்டர் 120 ஹெர்ட்ஸில் இருந்தது, அதாவது அதற்குக் கீழே உள்ள பேஸைக் குறைத்துவிடும், வூஃபர் இல்லாத காருக்கு அது எதற்கு? எடுத்துவிட்டோம்.

செலவு ஒரு டேப் சுருள்தான். இப்போது தொப்பி அடி தொடையில் வந்து விழுகிறது.

ஏற்கெனவே வூஃபர் வைத்திருப்பவர்களும் ஆம்பில் 0, 180 என்று இருக்கும் ஃபேஸ் சுவிட்சை (180 என்றால் வூஃபரின் பிளஸ் மைனஸை மாற்றிய மாதிரி) ஒருமுறை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். எது கனமாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: டோர் பேடை மூடுவதற்கு முன் அந்தப் பேட்டரியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், அரை நிமிட வேலை.

– வாசகர், விருதுநகர்