டிக்கெற் போடுவதற்கு முன் ஒரு கேள்வி: ரொறன்ரோப் பயண முகவர்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் திறந்த மடல்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் நம்மவர்களுக்கு விமான டிக்கெற் போட்டுக் கொடுக்கும் முகவர்களுக்கும், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில்கள் ஆகியவற்றை நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறை வருகிறது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போக நினைப்பவர்கள் இப்போதே உங்கள் கடைகளுக்கு வந்து விலை கேட்கத் தொடங்கியிருப்பார்கள். சங்கங்கள் ஊர்ப் பாடசாலையின் விழாவுக்கு ஆள் திரட்டும். இந்த நேரத்தில் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கே அகதியாக ஏற்கப்பட்டு, பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து, ஆனால் இன்னும் குடியுரிமை எடுக்காத ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டில் ஊருக்குப் போய் வந்தால், அவருடைய பிஆரே பறிபோகலாம். பத்து வருடம் இங்கே வேலை செய்து, வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியவராக இருந்தாலும் இதே நிலைதான்.

அகதிகள் கோரிக்கைக்கான படிவங்களையும் குடியுரிமைப் படிவங்களையும் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் உதவி செய்கிறவன் நான். வழக்கறிஞன் அல்ல. ஆனால் "ஏஜென்சியில் கேட்டேன், பிரச்சினை இல்லை என்றார்கள்" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அதனால்தான் அரசாங்கத்துக்கு எழுதாமல் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். எங்கள் சனம் வழக்கறிஞரிடம் போவது பிரச்சினை வந்த பிறகு. உங்களிடம் வருவது அதற்கு முன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலேயே, ஒருவர் தன் சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மீண்டும் நாடினால் அவருடைய அகதி நிலை முடிந்துவிடும் என்ற பிரிவு இருக்கிறது. கனடா அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது 1969இல். நெடுங்காலமாக இது நடைமுறையில் பெரிய தலையிடியாக இருக்கவில்லை; அகதி நிலை முடிந்தாலும் பிஆர் தனியாக நிற்கும். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அதை மாற்றியது. அதன்பின், சொந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார் என்று குடிவரவு மற்றும் அகதிகள் சபை தீர்மானித்தால், அகதி நிலையோடு பிஆரும் சேர்ந்தே போகும். நாட்டைவிட்டு வெளியேற்றவும் முடியும். அந்தத் தீர்ப்பை எதிர்த்து அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வழியில்லை. சமஷ்டி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டு நீதி மீளாய்வு கோரலாம், அவ்வளவுதான். இத்தனை வருடத்துக்கு முந்தைய பயணத்தைத் தொடக்கூடாது என்ற காலவரையறையும் இதில் இல்லை.

"சண்டை முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டது, இனிப் போனால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. டிக்கெற் கடைகளிலும் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். இதற்குள் இருக்கும் முரணைக் கவனியுங்கள். நாட்டு நிலைமை மாறிவிட்டது என்ற காரணத்தால் மட்டும் ஒருவரின் அகதி நிலையை முடித்தால், கனடியச் சட்டப்படி அவருடைய பிஆர் போகாது. அந்தக் காரணத்தைச் சட்டம் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் "நிலைமை மாறிவிட்டது" என்று தானே நம்பி, கடவுச்சீட்டைப் புதுப்பித்துப் போனவருக்கு பிஆர் போகலாம். அதாவது போர் முடிந்தது என்ற செய்தி அவரை ஒன்றும் செய்யாது, அந்தச் செய்தியை நம்பிப் போன பயணம் செய்துவிடும். இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பெற்ற தாயைப் பார்க்கப் போனவரை, அவரைத் துரத்திய அரசின் பாதுகாப்பைத் தேடிப் போனவராகக் கணக்கில் எடுப்பது கொடுமை. இந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்பவர்களோடு நானும் நிற்கிறேன். ஆனால் மாறும்வரை இதுதான் சட்டம், இதற்குள்தான் எங்கள் ஆட்கள் பயணம் செய்கிறார்கள்.

எப்படித் தெரிய வரும் என்றும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அவர்களே எழுதிக் கொடுப்பதால்தான். குடியுரிமை விண்ணப்பத்தில் எந்தெந்த நாளில் எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று எழுத வேண்டும், கடவுச்சீட்டின் பக்கங்களைக் காட்ட வேண்டும். பிஆர் அட்டை புதுப்பிக்கும்போதும் பயணக் கணக்குக் கேட்கப்படும். திரும்பி வந்து இறங்கும்போது எல்லை அதிகாரி முத்திரையைப் பார்ப்பார். 2020இலிருந்து விமானத்தில் கனடாவை விட்டு வெளியேறுபவர்களின் விவரமும் எல்லைச் சேவை முகமைக்குப் போகிறது. ஆக, கனடியராக வேண்டும் என்று நேர்மையாகப் படிவம் நிரப்புகிற நாளில்தான் பழைய பயணம் மேலே வருகிறது. விண்ணப்பத்தை இடையில் நிறுத்தி வைத்துவிட்டு, அகதி நிலையை முடிக்கும் வழக்கைத் தொடங்குவார்கள். பொய் எழுதினால் தப்பலாம் என்று யாராவது உங்கள் கடையில் சொன்னால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். அது இன்னொரு குற்றமாகி, பிறகு கிடைக்கும் குடியுரிமையையும் பறிக்க வழிவகுக்கும்.

இன்னொன்று, இலங்கைக்குப் போனால் மட்டும்தான் சிக்கல் என்ற எண்ணம் தவறு. கடவுச்சீட்டை எடுப்பதே சிக்கலின் தொடக்கம். ஐநா அகதிகள் ஆணையத்தின் கைந்நூலில் இது தெளிவாக உள்ளது: ஓர் அகதி தன் நாட்டின் கடவுச்சீட்டைக் கேட்டுப் பெற்றால் அல்லது புதுப்பித்தால், வேறு ஆதாரம் இல்லாதவரை, அந்த நாட்டின் பாதுகாப்பை நாடியதாகவே கருதப்படும். இலங்கைக் கடவுச்சீட்டில் சென்னைக்கோ கியூபாவுக்கோ போனவரும் இந்தக் கருதுகோளை எதிர்த்து வாதாட வேண்டியவர்தான். அதேவேளை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் போன்ற பத்திரங்களை எடுப்பது அப்படிக் கருதப்படக் கூடாது என்றும் அதே கைந்நூல் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் பயந்து கலியாணப் பதிவையே தள்ளிப்போடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எல்லா வழக்கும் தோற்கும் என்றும் நான் சொல்லவில்லை. 2022இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. போனார் என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இதனால் பிஆர் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார், யாருக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்தார், அங்கே ஒளிந்து மறைந்து இருந்தாரா, எத்தனை தடவை, எவ்வளவு நாள் என்பதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று சொன்னது. இது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் பயந்தது அரசுக்கும் அதன் படைக்கும். அந்த அரசிடமே கடவுச்சீட்டு வாங்கி, அதன் விமான நிலையத்தில் அதன் அதிகாரி முன்னால் நின்றவருக்கு இந்த வாதம் எளிதாக வராது.

இலங்கையில் போய் இறங்கும் கட்டுநாயக்க விமான நிலையத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. அதன் கீழ் எத்தனை பேர் எத்தனை காலம் உள்ளே இருந்தார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2014இல் இலங்கை அரசு வர்த்தமானியில் விடுதலைப் புலிகளும் புலம்பெயர் அமைப்புகளுமாக 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் தடைப்பட்டியலில் போட்டது. அதற்குப் பிறகு ஆட்சி மாற மாற அந்தப் பட்டியல் சுருங்கியும் விரிந்தும் வந்திருக்கிறது. போன வருடம் ஒருவர் சுகமாகப் போய் வந்தார் என்பது இந்த வருடம் இன்னொருவருக்கு உத்தரவாதம் அல்ல. இலங்கைக் கடவுச்சீட்டில் போய் இறங்கியவர் அங்கே இலங்கைப் பிரசைதான். பிடிபட்டால் கனடியத் தூதரகம் ஓடிவரும் என்று நம்ப முடியாது, தூதரக உதவி குடியுரிமை உள்ளவர்களுக்கானது.

சரி, அகதி ஒருவர் வெளிநாடே போகக் கூடாதா? போகலாம். அதற்கு உரிய வழி இருக்கிறது. உடன்படிக்கையின் 28ஆவது பிரிவின்படி அகதிகளுக்கென்று தனிப் பயண ஆவணம் கொடுக்கப்படுகிறது. கனடா கொடுக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தாரோ அந்த நாட்டைத் தவிர மற்ற இடங்களுக்குப் போகலாம். இங்கேதான் முகவர்களாகிய உங்கள் தொழில்திறமை வேண்டும்.

அந்தப் புத்தகம் கனடியக் கடவுச்சீட்டு அல்ல. கனடியருக்கு விசா வேண்டாத நாடு இவருக்கு விசா கேட்கலாம். நீங்கள் கணினியில் விசா விதிகளைப் பார்க்கும்போது ஆவணத்தின் வகையில் "சாதாரணக் கடவுச்சீட்டு" என்று விட்டுவிடாமல், அகதிப் பயண ஆவணம் என்று மாற்றிப் பாருங்கள். இந்தியாவை எடுத்துக்கொள்வோம். அம்மாவை ஊரிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ கூப்பிட்டு, பிள்ளை இங்கிருந்து போய்ச் சந்திப்பது எங்கள் சனம் கண்டுபிடித்த நல்ல வழி. ஆனால் இந்தியாவின் இணையவழி விசா அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. வழமையான விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். "ஒன்லைனில் போடலாம், மூன்று நாளில் வந்துவிடும்" என்று சொல்லி, திரும்பிப் பெற முடியாத டிக்கெற்றை விற்றுவிடாதீர்கள். முதலில் விசா, பிறகு டிக்கெற். ஒரே குடும்பத்தில் தாயிடம் அகதிப் பயண ஆவணமும் இங்கே பிறந்த பிள்ளையிடம் கனடியக் கடவுச்சீட்டும் இருக்கும், இருவருக்கும் விதி வேறு. விசா தேவைப்படும் பயணியை விசா இல்லாமல் ஏற்றினால் விமான நிறுவனத்துக்குத் தண்டப்பணம் விழும் என்பதால் கவுண்டரில் நிற்பவர் சந்தேகப்பட்டாலே மறுத்துவிடுவார். அந்த நேரத்தில் பிள்ளைகளோடு நிற்பவர் உங்களுக்குத்தான் போன் எடுப்பார்.

திரும்பி வருவதற்குப் பயண ஆவணம் மட்டும் போதாது, செல்லுபடியாகும் பிஆர் அட்டையும் வேண்டும். பயணத் திகதிக்கு முன் அட்டை முடிகிறதா என்று பாருங்கள். வெளியில் தொலைந்தால் அங்கிருந்தே விசேட பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பித்து, அது வரும்வரை நிற்க வேண்டிவரும்.

இலங்கைக்கு டிக்கெற் கேட்டு வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி: "நீங்கள் சிட்டிசனா?" இல்லை என்றால், பிஆர் அகதி வழக்கில் கிடைத்ததா, குடும்ப ஸ்பொன்சரில் கிடைத்ததா என்று கேளுங்கள். கணவனோ மனைவியோ ஸ்பொன்சர் செய்து வந்தவர், தான் ஒருபோதும் அகதியாக ஏற்கப்படாதவர் என்றால், இந்தச் சட்டம் அவரைத் தொடாது. அகதி வழக்கு என்றால், "டிக்கெற் போட முதல் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்குக் கேட்கும்படி கேட்காதீர்கள், யார் எப்படி வந்தார் என்பது அவரவர் அந்தரங்கம். ஒரு டிக்கெற் போகும், அது உண்மைதான். ஆனால் கொமிஷனுக்காக ஒருவரின் வாழ்க்கையை அனுப்பிவைக்கும் ஆட்கள் நீங்கள் அல்ல என்று எனக்குத் தெரியும்.

சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் வேறு ஒரு வேண்டுகோள். தகப்பனின் செத்தவீட்டுக்குப் போகாத மூத்த மகனைப் பற்றி எங்கள் சனம் என்ன கதைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கொள்ளி வைக்க வரவில்லை, அந்திரட்டிக்கும் வரவில்லை, காசுக்குப் பயந்துவிட்டான் என்கிறார்கள். அவன் பயப்படுவது காசுக்கு அல்ல. 2009இல் ஓஷன் லேடி கப்பலில் 76 பேரும், 2010இல் சன் சீ கப்பலில் 492 பேரும் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தார்கள். மாதக்கணக்கில் தடுப்பில் இருந்து, வருடக்கணக்கில் வழக்குப் பேசி அகதி நிலை பெற்றவர்கள் அவர்களில் பலர். அப்படி வந்த ஒருவரிடம் "ஒருக்கா போயிட்டு வா, ஒன்றும் நடக்காது" என்று சொல்வது எவ்வளவு பாரதூரமான பேச்சு என்று யோசியுங்கள். மரண அறிவித்தல் வரும் வீட்டுக்கு முதலில் போவது நீங்கள். அங்கே இதை விளங்கப்படுத்தக் கூடியவர்களும் நீங்கள்தான். தாய் தகப்பன் சாகக் கிடக்கும்போது எதையும் பொருட்படுத்தாமல் போகத்தான் போகிறேன் என்று நிற்பவர் இருந்தால், அன்றைக்கே ஒரு வழக்கறிஞரோடு கதைக்க வையுங்கள். வயோதிப, நோயுற்ற பெற்றோரைப் பார்க்கப் போவதும் விடுமுறைக்குப் போவதும் ஒன்றல்ல என்று ஐநா கைந்நூலும் சொல்கிறது. வைத்தியசாலைக் கடிதங்களும் அங்கே நின்ற நாட்களின் கணக்கும் கையில் இருந்தால்தான் நாளைக்கு அதைச் சொல்லி வாதாடலாம்.

இதற்கெல்லாம் மருந்து குடியுரிமை. கனடியக் குடியுரிமை எடுத்தவரை இந்தப் பிரிவு தொடாது. ஐந்து வருடத்தில் 1095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். பிஆர் கிடைக்க முன் அகதியாக ஏற்கப்பட்டு இருந்த நாட்கள் அரை நாளாகக் கணக்கில் சேரும், 365 நாள்வரை. ஆங்கிலம் வராது என்பதால் விண்ணப்பிக்காமலே இருக்கும் வயதானவர்கள் பலர். மொழித் தகுதியும் பரீட்சையும் 18 முதல் 54 வயதுவரை உள்ளவர்களுக்குத்தான். 55 ஆகிவிட்டால் இரண்டும் தேவையில்லை. இது தெரியாமல் இன்னும் பிஆரோடு இருக்கும் அம்மாக்களும் ஐயாக்களும் ஒவ்வொரு கோயிலிலும் இருக்கிறார்கள்.

ஆகவே, இந்தக் கோடையில் ஒன்றுகூடல் நடத்தும் ஒவ்வொரு சங்கமும் அதற்கு முன் ஒரு சனிக்கிழமையைக் குடியுரிமைப் படிவம் நிரப்புவதற்கு ஒதுக்குங்கள். மண்டபமும் தேநீரும் உங்கள் பொறுப்பு. அகதிச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரையும் கூப்பிடுங்கள், ஏற்கெனவே ஊருக்குப் போய் வந்தவர்கள் படிவத்தை அனுப்ப முதல் அவரோடு தனியாகக் கதைக்க வேண்டும். படிவம் நிரப்ப என்னைப்போன்றவர்கள் வருவோம். முகவர்கள் அந்தத் திகதியை உங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டுங்கள், இலங்கைக் கட்டணத்தை எழுதி வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து, படிவம் நிரப்பும் ஒருவன்