ராமானுஜன் கைக்குத் தப்பிய எண்

கும்பகோணம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. குறுவை அறுப்பு, அப்புறம் மழை, அப்புறம் என் முழங்கால். கோபித்துக்கொள்ளாதே.

கொள்முதலுக்குப் போட்டது போக, சாப்பாட்டுக்கு எடுத்து வைத்த நெல்லை ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம். பெரியண்ணன் இன்னும் மரக்காலை விடவில்லை. "லாபம், ரெண்டு, மூணு" என்று அவர் அளந்து கொட்ட, திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு வேறு கணக்கு ஓடியது. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். இரண்டு பேர், மூன்று பேர், நாலு பேர், ஆறு பேர் என்று பங்குக்கு வந்தாலும் மரக்காலை உடைக்க வேண்டாம். நம் பழைய பின்னக் கணக்கைப் பார், ஒன்றை 320 கூறு போட்டு, அதில் ஒரு கூறை முந்திரி என்றிருக்கிறார்கள். மூன்று பேருக்குப் பிரித்தால் இடிக்கும். ஓலையில் எழுதியவனைவிட நெல் அளந்தவன் கெட்டிக்காரன் என்றுதான் எனக்குப் படுகிறது.

12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இந்த மாதிரி, தனக்குச் சின்ன எண்களையெல்லாம் காரணிகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கிற எண்களைத்தான் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது தேடினார். 1915-இல் வந்த கட்டுரையில் 102 எண்களைப் பட்டியல் போட்டார். கடைசி எண் 67,46,32,83,88,800. அதற்கு 10,080 காரணிகள். கால்குலேட்டர் இல்லாத காலம், மாப்ளே!

அதில் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார்: 2,93,31,86,25,600. இது தெரிந்த பிறகு நான் சும்மா இருப்பேனா? காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதைப் பிரித்துப் பார்த்தேன். 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. தடவைகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கு: 7×5×3×3×2×2×2×2. ஆக 5,040 காரணிகள். 1 முதல் 22 வரை எதனால் வகுத்தாலும் மீதியே இல்லை. 23-இல்தான் முதன்முதலாக இடறுகிறது.

சரி, இடறுகிற அந்த 23-ஆலேயே பெருக்கினால் என்ன ஆகும்? இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், தப்பில்லை. 67,46,32,83,88,800 வருகிறது. அவர் பட்டியலை முடித்த அதே எண்! கடைசி எண்ணை எழுதியவரின் பேனா, அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்ததைத் தாண்டிப் போயிருக்கிறது. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகன் வந்து, "அப்பா, லைட்டை அணைங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனான்.

நேற்று சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் விட்ட கணக்குக்கெல்லாம் எவ்வளவு அடி வாங்கினோம்!

தையில் வருவாய்தானே? அதுவரை உனக்கு ஒரு வேலை. அந்தக் கடைசி எண் 23-ஐத் தாண்டிவிடும், எதில் போய் முதலில் இடறுகிறது என்று போட்டுப் பதிலில் எழுது. பேரனிடம் கேட்காதே.

உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி