டிஸ்க் போகவில்லை, பயப்படாதே

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாளா! அவள் மேக் வாங்கியதும் உனக்குத் தலைவலி பிடித்திருக்கிறது. உன் ஹார்ட் டிஸ்க்கை அதில் செருகினால் பழைய படங்களெல்லாம் திறக்கின்றன, புதிதாக ஒன்றைக்கூடப் போட முடியவில்லை, டிஸ்க் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறாய்.

போகவில்லை. உன் விண்டோஸில் அது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் விண்டோஸின் முறை. மேக் அதைப் படிக்கும், எழுதாது. அவ்வளவுதான். நான் வைத்திருக்கும் லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) எழுதும், ஆனால் அதிலும் ஒரு வம்பு. போன மாதம் என் டிஸ்க்கும் திடீரென்று 'படிக்க மட்டும்' என்று அடம்பிடித்தது. அரை நாள் கேபிளைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். டிஸ்க்கையும் பிடித்த பிடி விடாது. திரும்ப விண்டோஸில் செருகி, முறையாக எஜெக்ட் செய்த பிறகுதான் வழிக்கு வந்தது.

உங்கள் வீட்டுக்கு எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபார்மட் முறை போதும். அதன் பழைய வடிவமான ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபியைத் தொடும் வீடியோ எதுவும் அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. 2019இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டார்கள், அதன்பின் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. இப்போது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் எழுதலாம். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் படங்களை வேறிடத்தில் நகலெடுத்து, இரண்டு மூன்றைத் திறந்தும் பார்த்துவிடு.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை: என்டிஎஃப்எஸ்ஸில் இருப்பது போல ஜர்னல், அதாவது செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு, கிடையாது. பாதியில் கேபிளை உருவினால் எங்கே விட்டது என்று அதற்கே தெரியாது. நான் உருவியிருக்கிறேன். நகலெடுக்கும் பட்டை நிறைந்துவிட்டது, முடிந்தது என்று நினைத்தேன். கடைசிப் பகுதி இன்னும் கணினியின் நினைவகத்திலேயே இருந்திருக்கிறது. மறுநாள் இரண்டு வீடியோக்கள், பெயர் மட்டும் இருக்கிறது, அளவு பூஜ்யம். அதனால் எடுத்துப் போக, கொண்டுவர மட்டும் எக்ஸ்ஃபேட். ஒரே பிரதியாக இருப்பதை அதில் வைக்காதே.

ஒன்று விட்டுப்போச்சு. மேக்கில் செருகி எடுத்த பிறகு, விண்டோஸில் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டிக் கோப்புகள் தெரியலாம். வைரஸ் இல்லை, மேக் தன் குறிப்புகளை எழுதிவைப்பது.

அந்தக் குவியலில் நாம் இருவரும் மீசை வளர்த்த வருடத்துப் படம் கிடைத்தால் எனக்கு அனுப்பு. மகளிடம் மட்டும் காட்டாதே.

அன்புடன்,
சேகர்