பிஸ்கட் டின்னில் இருந்த பினாங்கு: ஒரு நன்றி மடல்

கோட்டையூர், காரைக்குடி, சென்னை, பினாங்கு என்று வெவ்வேறு ஊர்களில் இருந்து எங்களுக்கு உதவிய அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அப்பச்சி (அப்பா) 1950-களிலும் 60-களிலும் பினாங்கிலும் ஊரிலும் எடுத்து, ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்த 8 எம்.எம். படச்சுருள்களைச் சுத்தம் செய்து, ஸ்கேன் செய்து, யார் எவர் என்று பெயர் குறித்துவைக்கும் வேலை ஒருவழியாக நிறைவேறியிருக்கிறது. உங்களில் பெரும்பாலோருக்குத் தொலைபேசியிலோ நேரிலோ நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆபரேட்டர் அண்ணன் ஒட்டிக் கொடுத்த சுருளில் தன் பெரியம்மாவைக் கண்டுபிடித்த ஆச்சிக்கு, அந்த அண்ணனைத் தெரியாது. ஒருவர் செய்த காரியம் மற்றவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், ஆவணக் காப்பகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயாவுக்கு. முன்பின் அறியாத எனக்குத் தொலைபேசியில் நீங்கள் முதலில் சொன்னது, "எதையும் புரொஜெக்டரில் போட்டுவிடாதீர்கள்" என்பதுதான். அசிடேட் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆன பழைய ஃபிலிம் சுருங்கிவிடும். ஓரத்துத் துளைகளுக்கும் புரொஜெக்டரின் பற்களுக்கும் இடையே பொருத்தம் போய்விடும். ஓட்டினால் துளைகள் கிழிந்துகொண்டே போகும். வீட்டுப் படங்களுக்கு நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது என்பதையும் நீங்கள்தான் விளக்கினீர்கள். கேமராவுக்குள் ஓடிய அதே கோடக்குரோம் வண்ணச் சுருள்தான் கழுவப்பட்டுத் திரையிலும் ஓடுகிறது. அது கிழிந்தால் வேறு பிரதி உலகத்தில் எங்கும் இல்லை. ஒரு பெரிய சினிமாவுக்குக்கூட எங்கோ ஒரு கொட்டகையில், ஏதோ ஒரு வெளிநாட்டு விநியோகஸ்தரிடம் பிரதி கிடைக்க வாய்ப்புண்டு. அப்பச்சி எடுத்த பினாங்குத் தைப்பூசப் படத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறிய புளித்த வாடைக்கும் காரணம் சொன்னீர்கள். அசிடேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்துகிறது. ஒரு சுருளில் தொடங்கியது பக்கத்துச் சுருளுக்கும் பரவுகிறது. காற்றுப் புகாத பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். நீங்கள் அனுப்பிய நீல நிறச் சோதனைத் தாள்களை ஒவ்வொரு சுருளோடும் வைத்து மூடியபோது, சில நீலமாகவே இருந்தன, சில பச்சையாயின, இரண்டொன்று மஞ்சளுக்கே போய்விட்டன. மஞ்சளானவற்றைத் தனியே பிரித்து, அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று வரிசை போட்டுக் கொடுத்தீர்கள். அந்த வரிசை இல்லையென்றால் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஆட்களை ஏற்றிவந்த ரஜூலா கப்பல் வரும் சுருள் கைவிட்டுப் போயிருக்கும்.

நீங்கள் பேச்சுவாக்கில் சொன்ன இன்னொரு செய்தியையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் 1930-களின் தொடக்கத்தில் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற ஊமைப்படம், நாவலின் உரிமை பற்றிய வழக்கில் சிக்கி முடங்கியது. பிரதி திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக் கடையில் பல்லாண்டுகள் கிடந்தது. 1974-இல் அதைப் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்குக் கொண்டுசேர்த்தார்கள். திரையில் ஓடி வெற்றி பெற்றிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும் படம், புத்தகக் கடைக்காரரிடம் அகப்பட்டதால் பிழைத்தது. தமிழின் முதல் ஊமைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' நமக்குக் கிடைக்கவில்லை. முதல் பேசும் படமான 1931-ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' படமும் கிடைக்கவில்லை. ஃபிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பழைய பிரதிகளை எடைக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது.

அந்தக் காலத்திலும் ஊர் ஊராக அலைந்து சேர்த்த இருவரை நேரில் பார்த்ததில்லை என்றாலும் இந்த மடலில் வணங்க வேண்டும். 1964-இல் தொடங்கிய புனே காப்பகத்தை வளர்த்தெடுத்த பி.கே. நாயர் ஒருவர். நாசிக்கில் இந்தியத் திரைப்பட முன்னோடி பால்கேயின் குடும்பத்தாரிடம் எஞ்சியிருந்த சுருள்களை வாங்கி வந்தவர் அவர். வீட்டு அலமாரியும் காப்பகம்தான் என்று எனக்குத் தோன்ற அந்தச் செய்தியே காரணம். மற்றவர், தமிழ்ப் படம் ஒவ்வொன்றுக்கும் யார் யார் பணியாற்றினார்கள் என்று வாழ்நாள் முழுவதும் குறித்துவைத்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். ஒருவர் படத்தைக் காத்தார். மற்றவர் அதில் உழைத்தவர்களின் பெயர்களைக் காத்தார். இருவருமே 2016 மார்ச்சில் மறைந்தார்கள்.

பெயர் என்றதும் காரைக்குடி ஆபரேட்டர் அண்ணனிடம் வருகிறேன், அவர் தம் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாலும். டூரிங் கொட்டகையில் கார்பன் குச்சி எரியும் வெளிச்சத்தில் படம் ஓட்டிப் பழகிய கை அது. 35 எம்.எம். ஃபிலிமிலேயே வாழ்ந்தவருக்கு 8 எம்.எம். மிகச் சிறியது. ஆனாலும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிழிந்த இடங்களைச் சீர்செய்து, பழைய ஒட்டுகளைப் பிரித்து மறுபடி ஒட்டினார். பூஞ்சை படிந்த இடங்களை மென்துணியால் அடிக்கணக்கில் துடைத்தார். அண்ணே, கூலி என்று நான் நீட்டியதை நீங்கள் வாங்கவில்லை. படம் ஓடும்போது ஒருமுறை பார்க்கக் கூப்பிட்டால் போதும் என்றீர்கள். கூப்பிட்டோம், வந்தீர்கள், அது எங்களுக்குப் பெருமை.

சென்னையில் ஸ்கேன் செய்து கொடுத்த தம்பிக்கு: பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் ஒவ்வொரு கட்டமாகப் படமெடுத்தது உங்கள் தொழில். ஆனால் மங்கலான இடங்களையும், வெளிச்சம் பட்டு வெளுத்த முனைகளையும், அப்பச்சியின் விரல் லென்சை மறைக்கும் நொடிகளையும் வெட்டாமல் அப்படியே வைத்துக்கொடுத்தது தொழிலையும் தாண்டியது. உண்மையில் இந்தச் சுருள்கள் 25 அடி நீளத்தில் 16 எம்.எம். அகலத்தில் வரும். ஒரு பாதியை எடுத்து முடித்ததும் திருப்பிப் போட்டு மறுபாதியை எடுக்க வேண்டும். கழுவிய பின் நடுவே பிளந்து ஒட்டினால் 50 அடி. ஓடினால் நான்கு நிமிடம். அப்பச்சி எந்த இடத்தில் சுருளைத் திருப்பினார் என்பது அந்த வெளுத்த முனையில்தான் தெரிகிறது. அதற்கு முன்னால் பினாங்கில் தைப்பூச வெள்ளி ரதம், நகரத்தார்களின் 'கோவில் வீடு' என்ற இடத்திலிருந்து புறப்படுகிறது; அதற்குப் பின்னால் தண்ணீர்மலைக் கோவிலை நெருங்கிவிட்டது. வெட்டியிருந்தால் இரண்டும் ஒரே இடம் என்று பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

1894-இல் பினாங்குக்குப் போன அந்த ரதத்தைக் காளைகள் இழுத்துவருவதும், வழிநெடுகத் தேங்காய் உடைபடுவதும், உடைப்பவர்களில் சீனர்கள் நிறையப் பேர் இருப்பதும் வண்ணத்தில் அப்படியே தெரிகின்றன. ஆனால் அது எந்தத் தெரு, எந்த முக்கு என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பினாங்கிலிருந்து உதவிய நண்பர், படத்தில் ஒரு நொடி வந்துபோகும் கடைப் பலகையை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்து, இன்று அந்த இடம் எப்படி இருக்கிறது என்று நடந்துபோய்ப் படமெடுத்து அனுப்பினார். ஐயா, உங்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இப்போது ஆச்சிமார்களுக்கு. இந்த மடலின் பெரும்பகுதி உங்களுக்கே உரியது.

படத்தைக் காப்பாற்றுவது பாதி வேலைதான். சத்தமில்லாத படத்தில் நூறு முகங்கள் வந்துபோகின்றன. யார் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம். ஃபிலிமின் ஓரத்தில் கோடக் கம்பெனி அச்சிட்டிருக்கும் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகளைக் கொண்டு அது தயாரான ஆண்டைச் சொல்லிவிடலாம். அந்தக் குறிகளும் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பவும் வரும். எப்படியானாலும், எப்போது கேமராவில் போட்டு எடுத்தார்கள் என்பதை அவை சொல்லாது. வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தைக் காட்டியபோது நீங்கள்தான் சொன்னீர்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ப் பாத்திரங்களைப் பரப்பிவைத்திருந்த காட்சியைப் பார்த்து, "இந்தச் சாமான் பரப்பு என் நாத்தனார் கல்யாணத்தில், அப்போது மூத்தவன் வயிற்றில் இருந்தான்" என்று ஓர் ஆச்சி சொன்ன ஒரு வாக்கியத்தில் ஆண்டும் மாதமும் கிடைத்துவிட்டன. பரப்பிவைத்த பாத்திரங்களைப் பார்த்தே எந்த வீட்டுப் பெண் என்று சொன்னவர் உண்டு. கழுத்துரு என்ற கல்யாணத் தாலி அணிந்து நிற்பது அக்காளா தங்கையா என்று இருவர் வாதாடி, கடைசியில் நிற்கும் விதத்தை வைத்துத் தீர்த்தீர்கள். கண் சரியாகத் தெரியாத ஆச்சி ஒருவர், பேத்தி விவரிக்க விவரிக்க, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் கடலிலேயே நின்றதையும், படகில் இறங்கிக் கரை சேர்ந்ததையும், உடன் வந்தவர்கள் இன்னார் இன்னார் என்பதையும் வரிசையாகச் சொன்னார். அத்தனையும் இப்போது எழுத்தில் இருக்கிறது.

ஒருவரை மட்டும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பல சுருள்களில் அவர் வருகிறார். இரண்டாம் கட்டில் முறுக்குச் சுற்றுகிறார்; குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறார்; அப்பச்சி கேமராவைத் திருப்பினால் முந்தானையால் முகத்தை மூடிச் சிரிக்கிறார். எங்கள் வீட்டில் சமையலுக்கு இருந்தவர் என்பது மட்டும் தெரியும். எங்களை வளர்த்த கையின் பெயர் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நினைவில்லை என்பது எனக்குப் பெரிய வேதனை. காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஒருவர், இந்தப் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து, பார்த்த மாத்திரத்தில் "எங்கள் அப்பத்தா" என்றார். அவரிடம் அப்பத்தாவின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. அவருடைய பெயரையும் பிறந்த ஊரையும் கைப்பக்குவத்தையும் எங்களுக்குச் சொன்ன அந்தத் தம்பிக்கு, அவர் வரும் காட்சிகள் அனைத்தையும் தனியே எடுத்துக் கொடுத்திருக்கிறோம். பட்டியலில் எங்கள் பாட்டிகளின் பெயர்களோடு அதே அளவு எழுத்தில் அவர் பெயரும் இருக்கிறது. தம்பி, நீங்கள் கொடுத்தது நாங்கள் கொடுத்ததைவிடப் பெரியது.

எங்கள் வேலையைப் பார்த்துவிட்டுத் தங்கள் பெட்டகங்களைத் திறந்து சுருள்களையும் கேசட்டுகளையும் கொண்டுவந்த வீடுகளுக்கும் நன்றி. 1980-களுக்குப் பிறகான கல்யாணங்கள் எல்லாம் வி.எச்.எஸ். கேசட்டில் இருக்கின்றன. அவற்றை ஓட்டும் கருவியை இப்போது உலகில் யாரும் புதிதாகத் தயாரிப்பதில்லை. ஓடும் நிலையில் இருந்த தம் வி.சி.ஆரைத் திருப்பிக் கேட்காமலே கொடுத்துவைத்திருக்கும் தேவகோட்டை அண்ணனுக்கும், பார்சலில் போட மனமில்லாமல் இருந்த பெட்டியை மடியில் வைத்து ரயிலில் கொண்டுபோன என் மருமகனுக்கும் நன்றி. தங்கள் வீட்டுக் காட்சிகளைப் பொதுவில் காட்ட வேண்டாம் என்று சொன்ன குடும்பங்களின் விருப்பம் அப்படியே காக்கப்படும்.

இது சேகரிப்பதற்குப் பழகிய மண். கோட்டையூர் ஏ.கே. செட்டியார், கப்பல் பயணத்தில் தோன்றிய ஓர் எண்ணத்தைப் பற்றிக்கொண்டு, காந்தியைப் பலர் எடுத்திருந்த படத்துண்டுகளைத் தேடி உலகின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்து, 50,000 அடி ஃபிலிம் சேர்த்து, 1940-இல் ஆவணப்படமாக வெளியிட்டார். அதே ஊரில் ரோஜா முத்தையா, மற்றவர்கள் தூக்கியெறிந்த சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீசுகளையும்கூட விடாமல் சேர்த்தார். அவை இன்று சென்னையில் நூலகமாக இருக்கின்றன. அந்த ஊர்க்காரியாக இருப்பதால்தான் பிஸ்கட் டின்னைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை.

ஸ்கேன் ஆகிவிட்டதே, இனிச் சுருள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ஹார்டு டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். சுருளைக் குளிர்ச்சியாகவும் ஈரமில்லாமலும் வைத்தால், நாளை இன்னும் நல்ல கருவி வரும்போது மறுபடி எடுக்கலாம். எங்கள் சுருள்கள் காற்றோட்டமுள்ள புதிய டப்பாக்களில் இருக்கின்றன. டிஜிட்டல் பிரதிகள் மூன்று இடங்களில் மூன்று பேர் பொறுப்பில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் சுருள் இருந்தால், வாடை வருகிறதா என்று பாருங்கள். ஓட்டிப் பார்க்க வேண்டாம். எங்களிடம் சொல்லுங்கள், சோதனைத் தாள் மிச்சம் இருக்கிறது.

இன்னும் ஒரு சுருளில் உள்ளவர்கள் யாரென்று தெரியவில்லை. மாப்பிள்ளை அழைப்பு, வெள்ளைக் குதிரை, பின்னால் முகப்பில் இரட்டை யானைச் சுதைச் சிற்பம் உள்ள பெரிய வீடு, 1960-களின் தொடக்கமாக இருக்கலாம். அந்த வீட்டைத் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும், எந்த நேரமானாலும் அழையுங்கள்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
அப்பச்சியின் இளைய மகள்,
கோட்டையூர்